பதினாறு லட்சம் கடனில் எம்.பி.ஏ.: வரப்போகும் சம்பளம் தவணையைத் தாங்குமா?

கடிதத்தின் சுருக்கம்

கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 24 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பி.காம். முடித்துவிட்டு, வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பிடித்தம் போக மாதம் 22,000 ரூபாய் கைக்கு வருகிறது. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் வருகிறது. தம்பி பிளஸ் டூ படிக்கிறான்.

பெங்களூரிலுள்ள தனியார் மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் இரண்டாண்டு பி.ஜி.டி.எம். (எம்.பி.ஏ.வுக்கு இணையான மேலாண்மைப் பட்டயம்) படிப்பில் இவருக்கு இடம் கிடைத்து, 50,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். கட்டணமும் விடுதியும் சேர்த்து 17 லட்சம் ஆகும். அதில் 16 லட்சத்தை வங்கி 10.5 சதவீத வட்டியில் தரத் தயாராக இருக்கிறது, ஆனால் அப்பாவின் பெயரிலுள்ள வீட்டை அடமானமாகக் கேட்கிறது. கல்லூரியின் கையேடு, சராசரிச் சம்பளம் ஒன்பது லட்சம், அதிகபட்சம் 24 லட்சம் என்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேருவதற்கான டான்செட் நுழைவுத் தேர்வும் எழுதியிருப்பதால், கோவைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.ஏ. கிடைக்க வாய்ப்பிருக்கிறது, அங்கே எல்லாம் சேர்த்து 3.5 லட்சத்தில் முடிந்துவிடும். ஆனால் “அங்கே பெரிய கம்பெனிகள் வராது” என்கிறார்கள் நண்பர்கள்.

“ஒன்பது லட்சம் சம்பளம் வந்தால் இரண்டே வருடத்தில் கடனை அடைத்துவிடுவேன். வேலை கிடைக்கும்வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டிக்கு வரிச்சலுகையும் இருக்கிறது. கடன் என் பெயரில்தானே, அப்பாவுக்கு என்ன சிக்கல்? ஆனால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நான் சேரலாமா?” என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

வட்டி விகிதம் முதல் அப்பாவின் வருமானம் வரை எதையும் மறைக்காமல் எண்களோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் என்னாலும் எண்களை வைத்தே பதில் சொல்ல முடிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று உங்கள் கையிலிருக்கும் தகவல்களை மட்டும் நம்பி, வீட்டை அடமானம் வைத்து இந்தக் கல்லூரியில் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலாண்மைப் படிப்பே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. இந்த விலைக்கு இந்தப் படிப்பு தகுமா என்பதைக் காட்டும் எண் இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை. கல்லூரி காட்டியிருப்பது வேறொரு எண்.

பதினாறு லட்சம் எவ்வளவாக வளரும்?

முதலாண்டு எட்டு லட்சம், இரண்டாமாண்டு எட்டு லட்சம் என்று வங்கி பணத்தை விடுவிப்பதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் உள்ள ஏற்பாடு. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலும் வட்டி சேர்ந்துகொண்டேதான் இருக்கும். தனிவட்டிதான் என்றாலும், முதல் எட்டு லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 2.52 லட்சம், அடுத்த எட்டு லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டி 1.68 லட்சம். ஆக, நீங்கள் முதல் தவணை கட்டும் நாளில் கடன் 20.2 லட்சமாக நிற்கும்.

இதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 27,250 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டுகள் என்றால் தவணை 22,300 ரூபாயாகக் குறையும், ஆனால் மொத்தத்தில் நீங்கள் திருப்பித் தருவது 40 லட்சத்தைத் தாண்டும். இரண்டே ஆண்டுகளில் அடைப்பேன் என்கிறீர்கள். அதற்கு மாதம் 93,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்; ஒன்பது லட்சம் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் பிடித்தத்துக்கு முன்பே 75,000 ரூபாய்தான் வருகிறது.

படிக்கும் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் இழக்கும் இப்போதைய சம்பளம், ஐந்தேகால் லட்சம் ரூபாய், இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

ஒன்பது லட்சம் யாருடைய சம்பளம்?

சராசரி என்பது ஒரு சில பெரிய எண்களால் எளிதில் உயர்ந்துவிடக்கூடியது. பத்து மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 24 லட்சம், இருவருக்குத் தலா 12 லட்சம், மீதி ஏழு பேருக்குத் தலா ஆறு லட்சம். கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி சரியாக ஒன்பது லட்சம். கையேடு பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த வகுப்பில் பத்தில் ஏழு பேர் ஆறு லட்சத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். கடன் வாங்குபவர் பார்க்க வேண்டியது இடைநிலைச் சம்பளத்தை, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகையை.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்ற விவரங்களை அளிக்க வேண்டும். அவற்றைத் தங்கள் இணையதளத்திலும் வைத்திருப்பார்கள். தரவரிசையில் கல்லூரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைவிட அந்த ஒரு பக்க அட்டவணைதான் உங்களுக்கு முக்கியம். வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைப் படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். “நூறு சதவீத வேலைவாய்ப்பு” என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகள் பல நேரங்களில் வேலைவாய்ப்பு முகாமுக்குப் பதிவு செய்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னெடுத்த வேலைவாய்ப்பு அறிக்கைத் தரநெறியின்படி, வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்த அறிக்கையை வெளியிடும் கல்லூரிகளும் உண்டு. நீங்கள் சேரப்போகும் கல்லூரி அவற்றுள் ஒன்றா என்று கேளுங்கள்; இல்லையென்றால் ஏன் இல்லை என்றும் கேட்கலாம், தவறில்லை.

அடுத்தது, அறிவிக்கப்படும் சம்பளம் என்பது சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் அதற்குள்ளேயே அடக்கம். இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் மாறுபடும் ஊதியமும் அதில்தான் இருக்கும். மாறுபடும் ஊதியம் பத்து சதவீதம், அடிப்படைச் சம்பளம் பாதி என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆறு லட்சத்துக்கு மாதம் 38,000 ரூபாய் அளவிலும் ஒன்பது லட்சத்துக்கு 57,000 ரூபாய் அளவிலும்தான் கைக்கு வரும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு லட்சம் வேலையில் பத்தாண்டுத் தவணை போக மீதி 11,000 ரூபாய். சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி அறைக்கும் சாப்பாட்டுக்குமே அது போதாது. கையேட்டின் ஒன்பது லட்சமே உங்களுக்குக் கிடைத்துவிட்டாலும், தவணை போக 30,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். இப்போதைய வேலையில் நீடித்து, ஆண்டுக்குப் பத்து சதவீத உயர்வு கிடைத்தால், மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ அதே தொகையை நீங்கள் கரூரிலேயே, வீட்டுச் சாப்பாட்டோடு, கடனில்லாமல் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. தவணைத் தொகை பெரிதாக மாறாது, சம்பளமோ ஆண்டுதோறும் உயரும். கணக்குப் பிரிவில் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாதவர்கள், மேலாண்மைப் படிப்புக்குப் பின் ஐந்தாறு ஆண்டுகளில் வெகுதூரம் போய்விடுவதும் உண்டு. படிப்பின் பலன் முப்பது ஆண்டுகளுக்கு நீள்வது, முதல் ஆண்டுச் சம்பளத்தை மட்டும் வைத்து அதை எடைபோடக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கடன் தவறுவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில்தான். சம்பளம் உயரும்வரை தாக்குப்பிடிக்க முடிந்தால்தான் அந்த முப்பது ஆண்டுகளின் பலனை அனுபவிக்க முடியும். உங்கள் குடும்பத்துக்கு அந்த முதல் சில ஆண்டுகள், தம்பியின் கல்லூரிச் செலவு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளாகவும் அமையப்போகின்றன.

வேலையின் தன்மையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் கல்லூரிகளின் பட்டியலில் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் பெயர்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் வேலை பெரும்பாலும் களத்தில் இறங்கி இலக்குக்காக விற்பதாக இருக்கும். கணக்கில் நாட்டமுள்ள உங்களுக்கு அது ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நிறுவனங்களின் பெயர்களோடு பதவிகளின் பெயர்களையும் கேட்டு வாங்குங்கள்.

கடிதத்தில் திருத்த வேண்டிய சில எண்ணங்கள்

*வேலை கிடைக்கும்வரை தவணை இல்லை என்பது.* சலுகைக் காலம் படிப்பு முடிந்த ஓராண்டோடு முடிந்துவிடும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மாதம் முதல் தவணை தொடங்கும். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதை வங்கியிடம் கேட்டுத்தான் பெற வேண்டும், தானாகக் கிடைக்காது.

*வரிச்சலுகை என்பது.* கல்விக் கடன் வட்டிக்கு, வருமான வரியில் 80இ என்று எல்லோரும் அறிந்த கழிவு உண்மைதான். வட்டிக்கு மட்டும், எட்டு ஆண்டுகளுக்கு, உச்சவரம்பின்றிக் கிடைக்கும். ஆனால் புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அது கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவும் சேரும். ஒன்பது லட்சம் வாங்கினாலும் நீங்கள் வரி கட்டப்போவதில்லை, அதனால் கழிவினால் மிச்சமாகப் போவதும் எதுவுமில்லை. கடனின் பாரத்தைக் குறைக்கும் கணக்கிலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.

*கடன் என் பெயரில்தான், அப்பாவுக்குச் சிக்கல் இல்லை என்பது.* கடிதத்திலேயே என்னை மிகவும் யோசிக்கவைத்த வரி இது. கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார்கள். தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணோடு அப்பாவுடையதும் இறங்கும், கடைக்கு அவர் வாங்கும் கடனும் அதனால் பாதிக்கப்படும். 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். வீடு அடமானத்தில் இருப்பதால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த வங்கியும் எடுத்த எடுப்பில் இதைச் செய்வதில்லை, பேசித் தீர்க்கத்தான் முயலும். இருந்தாலும் கையெழுத்திடும் அப்பாவுக்கு இது முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் தயக்கத்தைப் படிப்புக்கு எதிரான தயக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; பிரச்சினையின் மையத்தை உங்கள் வீட்டில் சரியாகத் தொட்டவர் அவர்தான்.

வங்கி அடமானம் கேட்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பது பொதுவான வழக்கம். ஆனால் அதே வங்கிகள், தாங்கள் தேர்ந்தெடுத்த கல்லூரிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றில் சேருபவர்களுக்கு அதைவிடப் பெரிய தொகையைப் பிணையில்லாமலேயே தருகின்றன. பாரத ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் கடன் அப்படிப்பட்டது. அந்தக் கல்லூரிகளில் படித்தவர்களின் சம்பளமே போதுமான பிணை என்று வங்கி நினைக்கிறது. உங்கள் கல்லூரி எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று கிளை மேலாளரிடம் கேளுங்கள். எதிலும் இல்லையென்றால், அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பை நம்பிப் பணம் தர வங்கி தயாராக இல்லை, உங்கள் வீட்டை நம்பித்தான் தருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இனி என்ன செய்யலாம்?

கோவைக் கல்லூரியை நண்பர்கள் பேச்சைக் கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள். 3.5 லட்சம் என்றால் நான்கு லட்ச வரம்புக்குள் வருவதால் வங்கி பிணை கேட்கக் கூடாது. மூன்றாண்டு வட்டியும் சேர்ந்து கடன் 4.4 லட்சமானாலும், ஐந்தாண்டுத் தவணை மாதம் 9,500 ரூபாய்தான். அதோடு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அமைப்பின் தர அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. அமைப்பின் தர அங்கீகாரமோ இருந்தால், சலுகைக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டத்துக்கு நீங்கள் தகுதி பெறக்கூடும். அப்போது தவணை 7,500 ரூபாயாகக் குறையும். தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அந்தக் கல்லூரியில் வேலைவாய்ப்பு சுமாராக இருந்து, நான்கு லட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்தாலும் இந்தக் கடன் உங்களை நசுக்காது. ஆனால் அங்கே நீங்களேதான் வேலை தேட வேண்டியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டு சேருங்கள். ஏற்றுமதிக் கணக்கிலும் ஜி.எஸ்.டி.யிலும் இரண்டாண்டு அனுபவம் உள்ளவருக்குத் திருப்பூர், கோவை வட்டாரத்தில் அது முடியாத காரியமல்ல.

பெங்களூரே வேண்டும் என்றால், அந்தக் கல்லூரி 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் கீழ்வரும் கல்வி நிறுவனங்களில் ஒன்றா என்று பாருங்கள். அதன்கீழ்ப் பிணையும் ஜாமீனும் இன்றிக் கடன் தரப்படுகிறது. பட்டியலில் இருந்தால் வீட்டை நடுவில் கொண்டுவராமலேயே பேச முடியும்.

மூன்றாவது வழி, ஓராண்டு பொறுத்திருப்பது. ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வான கேட் வழக்கமாக நவம்பர் இறுதியில் நடக்கும், வேறு சில மேலாண்மைக் கல்லூரிகளுக்கான எக்ஸாட் ஜனவரியில். வேலையை விடாமல் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு திருச்சி ஐ.ஐ.எம். போன்ற ஒரு நிறுவனத்தில் இடம் பிடித்தால், கட்டணம் இதைவிட அதிகமாக இருந்தாலும் கடனின் தன்மையே வேறு. மூன்றாண்டு அனுபவத்தோடு நேர்முகத்துக்குப் போவதும் உங்களுக்கு அனுகூலம். வயது ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம், 25 வயதில் சேருபவர்கள் அங்கே ஏராளம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன்: செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் சி.எம்.ஏ. இடைநிலைப் படிப்பில் பட்டதாரிகள் நேரடியாகச் சேரலாம். கடினமான தேர்வுதான், ஆனால் வேலையில் இருந்துகொண்டே, எம்.பி.ஏ. கட்டணத்தின் ஒரு சிறு பகுதியில் படிக்கலாம்.

இவையெல்லாம் பார்த்த பிறகும், அதாவது இடைநிலைச் சம்பளம் ஒன்பது லட்சத்தை ஒட்டி இருப்பது ஆவணமாகத் தெரிந்து, குடும்பமும் மனமொத்துச் சம்மதித்து, பெங்களூர்தான் என்று முடிவானால், கடனைக் குறைக்க இரண்டு யோசனைகள். படிக்கும் காலத்து வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதலாண்டில் 7,000 ரூபாய், பதினாறு லட்சமும் விடுவிக்கப்பட்ட பின் 14,000 ரூபாய் வரும். அப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு சதவீதம் வட்டி குறைக்கின்றன. மாறும் வட்டியிலான கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை என்பதால், கையில் பணம் சேரும்போதெல்லாம் அசலைக் குறைக்கலாம்.

கட்டிய முன்பணம்

50,000 போய்விடுமே என்பதற்காக 16 லட்சத்துக்குள் இறங்க வேண்டாம். பி.ஜி.டி.எம். நடத்தும் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி, வகுப்புகள் தொடங்குமுன் விலகும் மாணவருக்கு, 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கட்டணம் போக, கட்டிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், விலகுவதாக மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, ரசீதின் நகலை இணைத்துவிடுங்கள். தர மறுத்தால் ஏ.ஐ.சி.டி.இ.யின் குறைதீர் பிரிவிலும், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். வகுப்பு தொடங்கும் தேதி இதில் முக்கியம் என்பதால், கல்லூரியின் அட்டவணையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்தத் தேதிக்குப் பத்து நாட்கள் முன்னதாகவாவது கல்லூரிக்கு எழுதி, கடந்த ஆண்டு முடித்தவர்களின் இடைநிலைச் சம்பளம், முடித்தவர்களில் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கை, பதவிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் எழுத்து வடிவில் கேளுங்கள். கூடவே, சென்ற ஆண்டு அங்கே முடித்த தமிழ் மாணவர்கள் இரண்டு மூன்று பேரை லிங்க்ட்இன் வழியாகத் தேடிப் பிடித்து, எவ்வளவு சம்பளம், எவ்வளவு தவணை என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும், அப்பா, அம்மா இருவரையும் உட்காரவைத்து மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களோடு மீண்டும் போட்டுப் பாருங்கள். தவணை போக 20,000 ரூபாய்கூட மிஞ்சாது என்று தெரிந்தால், விலகல் கடிதத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். டான்செட் கலந்தாய்வுக்கான பதிவையும் கையோடு முடித்துவிடலாம்.